இரட்டை வேகத்தில் ஒரு முழங்கை

இன்று இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மணி முற்பகல் பதினொன்று இருபத்திரண்டு. ஒரகடம் கூட்டுச்சாலையை ஒட்டிய இந்தத் திருமண மண்டபத்தில், பிரியாணி வாசனையைப் பிடித்தபடி பந்தி வாசலில் நிற்கிற பதினாறு பேரையும் சேர்த்து, இருநூற்றுப் பதினான்கு பேர் கூடியிருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன். எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். எண்ண நேரம் தாராளமாக இருந்தது.

அவைக்குத் தலைமையேற்று, முப்பத்தெட்டு ஆண்டுகளாய் அசையாத மூட்டுகளை அசைத்து, நடக்காத கால்களை நடக்கவைத்து, எங்கள் வட்டார இயன்முறை மருத்துவர் சங்கத்தையும் நடத்திவரும் தலைவர் வனமாமலை ஐயா அவர்களே! முன்வரிசையில் முறுவல் மாறாமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! தொழிற்சாலைகளின் சார்பில் வந்திருக்கும் மனிதவள மேலாளர்களே! தண்டலத்துக் கல்லூரிகளிலிருந்து தனிப் பேருந்து பிடித்து வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு விடுமுறையையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிய எரிய உட்கார்ந்திருக்கும் தோழர்களே! முழங்கை வலிக்கிறவர்களே, முதுகு வலிக்கிறவர்களே, வலியை வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டிருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்னை எதற்காக அழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நாளை உலக இயன்முறை மருத்துவ நாள். அதை முன்னிட்டு, 'முழங்கை வலியா? எட்டே நிமிடத்தில் பயிற்சி' என்ற என் யூடியூப் காணொளியை நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருப்பதற்காக, எனக்கு ஒரு பொன்னாடை, ஒரு கேடயம். பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. கேடயம் அந்த மேசையில் மினுமினுக்கிறது. அதில் காணொளியின் பெயரையே பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறீர்கள்.

நான் அதை வாங்கப்போவதில்லை.

உட்காருங்கள், உட்காருங்கள். யார் அது குரல் கொடுப்பது? சுப்பிரமணி அண்ணனா! கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இடுப்புவலிக்கு என்னிடம் வருகிறவர். "இன்னாபா, ஷீல்டு வாங்க வந்தியா, சண்ட போட வந்தியா?" என்று கேட்கிறார். அண்ணே, ரெண்டுக்கும் வரல. ஒரு முழங்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வலது முழங்கை. ஒரே ஒரு ஆளுடையது. அந்த ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒப்புதலோடுதான் பேசுகிறேன்.

பெயர் தங்கமாரி. வயது இருபத்து நான்கு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். மாத்தூரில் ஆறு பெண்களோடு ஒரு வாடகை அறை. வேலை, காரின் டேஷ்போர்டுக்குத் திருகு போடுவது. ஒரு டேஷ்போர்டுக்கு ஆறு திருகு. ஒரு டேஷ்போர்டுக்கு ஐம்பத்திரண்டு விநாடி. ஒரு ஷிப்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு டேஷ்போர்டு. பெருக்கிப் பாருங்கள். மூவாயிரம் முறை அந்தத் திருகு இயந்திரம் திருகி முடிக்கும்போது வெடுக்கென்று மணிக்கட்டை உதைக்கிறது. மூவாயிரம் உதை! எந்தக் கை தாங்கும்? எந்த எலும்பு பொறுக்கும்? எந்தத் தசை 'சரி, நாளைக்கும் வருகிறேன்' என்று சொல்லும்?

தங்கமாரியின் கை தாங்கியது. ஒரு வருடம் பத்து மாதம் தாங்கியது. அதற்குமேல், முழங்கையின் வெளிப்பக்கத்தில், தசை எலும்பைப் பற்றிக்கொள்ளும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வலி வந்தது. லேசான வலி. ஆறு வாரத்தில் ஆற்றிவிடக்கூடிய வலி.

அதைத் தீர்ப்பதற்குத்தான் என் காணொளி.

பயிற்சி எளிமையானது. முன்கையை மேசைமேல் வையுங்கள், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மணிக்கட்டை மறு கையால் மேலே தூக்குங்கள். பிறகு, மெதுவாக, மிக மெதுவாக, நான்கு எண்ணுகிற நேரத்துக்கு இறக்குங்கள். அந்த மெதுவான இறக்கம்தான் மருந்து. வேகமாக இறக்கினால் அதே பாட்டில் சுத்தியல். நைந்த கயிற்றைச் சுண்டி இழுப்பது போலத் தசைநாணைச் சுண்டி இழுக்கும்.

ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. தங்கமாரி என் கிளினிக் படியேறி வந்தார். டீ டம்ளரைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை. நான் எப்போதும்போல் அவசரத்தில் இருந்தேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா வலி சார். மூணு வாரமாத்தான் தாங்க முடியல."

"மூணு வாரத்துக்கு முன்னாடி புதுசா என்ன பண்ணீங்க?"

"உங்க வீடியோவப் பாத்தேன்."

சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "முழுசாப் பாத்தீங்களா? நாலு எண்ணி இறக்கணும்னு சொல்லியிருக்கேனே, காதுல விழலியா?" என்று எகிறினேன். அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "நாலு எண்ணித்தான் சார் இறக்குதேன். நீங்க எண்ணுததுக்குத் தோதாத்தான் இறக்குதேன். எங்க லைன்ல பதினோரு பேரு அப்படித்தான் செய்யுதோம்."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

போனை எடுத்தார். காணொளியை ஓடவிட்டார்.

திரையில் ஒருவன் தெரிந்தான். ஏலம் விடுகிறவன் போல மூச்சு வாங்காமல் பேசினான். பாட்டிலைப் பிடித்தான், தூக்கினான், டொப்பென்று போட்டான், தூக்கினான், டொப்பென்று போட்டான். 'ஒண்ணுரெண்டுமூணுநாலு, ஒண்ணுரெண்டுமூணுநாலு!' யார் இந்தக் கிறுக்கன் என்று பார்த்தால், நான்!

இரட்டை வேகம். என் காணொளியை இரட்டை வேகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஏன்? இதைத் தண்டலத்துத் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேர்விலும் இதைக் கேட்கமாட்டார்கள். டீ பிரேக் பத்து நிமிடம். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேன்டீன் பக்கத்து லாக்கரில் பூட்டிவிட வேண்டும். லைனிலிருந்து லாக்கருக்கு நடக்க இரண்டு நிமிடம். திரும்ப இரண்டு நிமிடம். மிச்சம் ஆறு. என் காணொளி எட்டு நிமிடம் நாற்பது விநாடி. ஐம்பத்திரண்டு விநாடிக்குள் ஆறு திருகு போடுகிறவர்களுக்கு, எட்டே முக்காலை ஆறுக்குள் அடக்க வழி சொல்லித்தர வேண்டுமா? வேகத்தைக் கூட்டினார்கள். நான்கரை நிமிடத்தில் முடித்தார்கள். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர், "பரவால்லியே, எட்டு நிமிஷ வேலைய நாலு நிமிஷத்துல முடிச்சிட்டீங்களே!" என்று பாராட்டினாராம்.

நாலு எண்ணச் சொன்னேன். எண்ணினார்கள். ஆனால் என் எண்ணிக்கையும் சேர்ந்துதானே ஓடுகிறது! குரல் ஓட, கை ஓட, பாட்டில் ஓட, அந்த நாணய அளவு வலி நாலு மடங்காக ஊதிவிட்டது. பதினோரு பேரில் நான்கு பேருக்கு மோசம். நான்கு பேரில் தங்கமாரிக்கு மிக மோசம்.

அப்போதாவது நான் ஒழுங்காகப் பேசினேனா? இல்லை. மேடையில் நின்று பொய் சொல்ல எனக்கு வராது. "ஏம்மா, எக்ஸர்சைஸை யாராவது ஸ்பீடு வெச்சுப் பாப்பாங்களா? கொஞ்சம் யோசிக்க வேணாமா?" என்றுதான் கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். பேராசிரியர்கள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

"சார், நாங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஒரு ரூமுல உக்கார வச்சு வீடியோ போட்டாங்க. இதுல என்ன காட்டுதோ அதை அப்படியே செய்யணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சொந்தமா யோசிக்கவே கூடாதுன்னாங்க. போனோட சேத்து மூளையவும் லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள போறோம். ரெண்டு வருசத்துல ஒரு திருகு தப்பினது கிடையாது. இப்ப நீங்க ஒரு வீடியோ போட்டீங்க. காட்டுனதச் செஞ்சேன். இப்ப வந்து யோசிக்கலியான்னு கேக்குதீங்க. எதுல யோசிக்கணும், எதுல யோசிக்கக் கூடாதுன்னு அந்த வீடியோல எங்கயாவது இருக்கா?"

இருக்கிறதா? இல்லை. நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்குப் பாடம் நடத்தியவன் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

அடுத்த மேசையில் சுபஸ்ரீ இருந்தார். என்னோடு படித்தவர், கிளினிக்கில் என் கூட்டாளி, அந்தக் காணொளியைப் படம் பிடித்தவரும் அவர்தான். இதோ மேடைக்குக் கீழே மடிக்கணினியோடு முறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்று சொன்னார்: "நாலு லட்சம் பேர் உன்னப் பாத்தாங்கன்னு ஸ்டேட்டஸ் வெச்சியே. நீ எத்தனை பேரப் பாத்த?"

எத்தனை பேரைப் பார்த்தேன்? கேமராவைப் பார்த்தேன். வெளிச்சத்தைப் பார்த்தேன். பார்த்தவர்கள் தொகை ஏறுவதைக் காலையிலும் மாலையிலும் பார்த்தேன். அந்தப் பயிற்சியை ஒருவர், ஒரே ஒருவர், செய்வதை எதிரே உட்கார்ந்து பார்த்தேனா? பார்க்கவில்லையே!

தோழர்களே! காணொளியே வேண்டாம் என்று சொல்ல வந்தவனா நான்? கிடையாது. இந்தச் சாலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இந்தப் பக்கம் வந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் கூரை. ஒவ்வொரு கூரைக்கும் கீழே ஆயிரம் தோள், ஆயிரம் முதுகு, ஆயிரம் மணிக்கட்டு. எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம்? அத்தனை தோளையும் தொட எங்களுக்கு எத்தனை கை வேண்டும்? காணொளி இல்லாமல் முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி பூட்டிக் கிடந்தபோது, தோள்மூட்டின் நான்கு தசைகளையும் நான் காணொளியில்தான் கற்றேன். மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் அம்மாவை உட்காரவைத்து, திரையைப் பார்த்து அவர் தோளில் தடவித் தடவித்தான் கற்றேன். "போதும்டா, தோள் தேஞ்சிடப் போவுது" என்று அவர் திட்டும்வரை கற்றேன்.

அதைத்தான் சொல்கிறேன்! அன்றைக்குத் திரையும் இருந்தது, தோளும் இருந்தது. இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்? பெயர் சொல்லமாட்டேன், இந்த வட்டாரத்தில் ஒரு கிளினிக் சுவரில் என் காணொளிக்கான க்யூஆர் சதுரக் கட்டத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். முழங்கை வலி என்று வருகிறவரிடம், "அத ஸ்கேன் பண்ணிப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கையைத் தொடவில்லை. அந்த வலி எங்கே என்று விரலால் அழுத்திக் கேட்கவில்லை. எதற்கு ஐயா நாலரை வருடம் படித்தோம்? சுவரில் தாள் ஒட்டவா? அந்த பிசியோ இந்த மண்டபத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. உங்களைவிட என்மேல்தான் எனக்குக் கோபம். தாளை ஒட்டியவர் நீங்கள். தாளுக்குள் இருந்தவன் நான்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம்' என்று எழுதியிருக்கிறது. ஆமாம் ஐயா. நேரம்தான் பிரச்சினையே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கமாரியின் வேலைப் பயிற்சிக் காலம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்கு முன், செப்டம்பர் இருபத்திரண்டு, திங்கட்கிழமை, திறன் தேர்வு. அறுபது திருகு, குறித்த நேரத்துக்குள். தேறினால் பர்மனென்ட். தேறாவிட்டால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இன்னும் பதினைந்து நாள். அந்தக் கை குணமாக எட்டு வாரம் வேண்டும். உடம்பு சரியில்லாதவர்களுக்குத் தேர்வைத் தள்ளிவைக்க அந்தக் கம்பெனியில் விதி இருக்கிறது. அடுத்த தேர்வு நவம்பர் இருபத்து நான்கு. ஆனால் தங்கமாரிக்கு அந்த விதி பொருந்தாதாம். ஏன்? அவருடைய உடல்நலத் தாளில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: 'பணியாளர் தன்னிச்சையாகச் செய்த பயிற்சியால் ஏற்பட்ட பாதிப்பு.'

தன்னிச்சை! இரண்டு வருடம் சொன்னதைச் சொன்னபடி செய்த பெண்ணுக்கு, கடைசியில் கிடைத்த பட்டம் தன்னிச்சை!

அதனால் முதலில் ஒரு காரியம் செய்யப்போகிறேன். இதோ என் போன். அந்தக் காணொளியை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அழிக்கப்போகிறேன். அழுத்துகிறேன்...

யார் கை தூக்குவது? தங்கமாரியா? மைக்கை அவரிடம் கொடுங்கள். இடது கையில் பிடிங்கம்மா, இடது கையில்!

"சார், அழிக்காதீங்க. எங்க ரூம்ல எல்லாரும் டவுன்லோடு பண்ணி வச்சிருக்கோம். எங்க லைன்ல பதினோரு பேரும் அதை வாட்ஸ்அப்புல ஊருக்கே அனுப்பியாச்சு. எங்க அக்கா ராஜபாளையத்துல பாத்துட்டு பாட்டில் தூக்குதா. நீங்க இங்க அழிச்சா அது அங்க அழியுமா? வீடியோவக் காணோம்னுதான் நினைப்பாவ. தப்புன்னு யாருக்குத் தெரியும்? அதே இடத்துல, அதே பேருக்குப் பக்கத்துல, தப்புன்னு எழுதுங்க."

இன்னும் இருக்கிறதா? சொல்லுங்கள்.

"இன்னொண்ணு சார். எட்டே முக்கா நிமிசத்துல முத ரெண்டு நிமிசம் 'நான் உங்கள் மணிகண்டபிரபு, நான் உங்கள் மணிகண்டபிரபு'ன்னு உங்க பேரத்தான் சொல்லுதீங்க. மணி பட்டன அமுக்குங்கன்னு ஒரு நிமிசம். டீ பிரேக்குல அதை ஓட்டத்தான் முதல்ல ஸ்பீடு வச்சதே. வலிக்கி வந்தவ எதுக்கு மணியடிக்கணும்?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சுபஸ்ரீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். இதைத்தான் அவர் போன வருடமே சொன்னார், நான் கேட்கவில்லை.

சரி. அழிக்கவில்லை. சுபஸ்ரீ, தலைப்பை மாற்றுங்கள். சொல்கிறேன், தட்டுங்கள்: 'இந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். இதில் பிழை உள்ளது. பிழை என்னுடையது.' ஆச்சா? தலைவர் ஐயா பதறுகிறார். "தம்பி, ஷீல்டுல பழைய பேர் போட்டிருக்கே" என்கிறார். ஐயா, ஷீல்டை நூறு பேர் பார்ப்பார்கள். காணொளித் தலைப்பை நாலு லட்சம் பேர் பார்ப்பார்கள்.

கைதட்டாதீர்கள்! முழங்கை வலிக்காரர்கள் பாதிப் பேர் இருக்கிறீர்கள்.

அடுத்தது, இந்தக் கடிதம். காலையில் எழுதியது. தலைவர் ஐயா எட்டிப் படித்துவிட்டார் போல. இரண்டாவது துண்டுச்சீட்டு வந்துவிட்டது. 'கடிதத்தைப் படிக்காதே. நாளைக்கு உன்மேல் வழக்கு வரும்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் அக்கறைக்குத் தலைவணங்குகிறேன். பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் படிக்கிறேன்.

'மனிதவள மேலாளர் அவர்களுக்கு. தங்கள் பயிற்சித் தொழிலாளி தங்கமாரியின் வலது முழங்கைப் பாதிப்பு, தங்கள் லைனில் திருகு இயந்திரம் பிடித்த வேலையில் தொடங்கியது. என் காணொளியைப் பின்பற்றியதால் மோசமடைந்தது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆபத்து என்ற எச்சரிக்கை அதில் இல்லை. வெளியிடுமுன் ஒருவரிடமும் நான் அதைச் சோதிக்கவில்லை. அவர் அதில் கண்டதை அப்படியே செய்தார். கவனக்குறைவு என்னுடையது. எட்டு வாரம் முறையான சிகிச்சை பெற்றால் அவர் கை முழுமையாகத் தேறும். இப்படிக்கு, மணிகண்டபிரபு, இயன்முறை மருத்துவர்.' கீழே கையெழுத்தும் பதிவெண்ணும் இருக்கின்றன.

அந்தக் கம்பெனியின் மேலாளர் ஸ்ரீதர் சார் இரண்டாவது வரிசையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். சார், எழுந்திருங்கள். தங்கமாரியின் தாளிலிருந்து அந்தத் 'தன்னிச்சை' வரியை எடுப்பீர்களா?

"பிரபு, மேடையில வெச்சுக் கேட்டா நான் எப்படிப் பதில் சொல்றது? லெட்டரக் கொடுங்க. பாக்கலாம்."

'பாக்கலாம்' என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது சார். செப்டம்பர் இருபத்திரண்டுக்குத் தேதி இருக்கிறது. உங்கள் லைனில் ஒரு திருகு தளர்ந்தால் 'பாக்கலாம்' என்று காரை அனுப்பிவிடுவீர்களா? லைனையே நிறுத்துவீர்கள் அல்லவா? ஒரு திருகுக்கு நிற்கிற லைன், ஒரு முழங்கைக்கு நிற்கக் கூடாதா? அவரைக் காசு கேட்டா அனுப்பியிருக்கிறேன்? சலுகை கேட்டா நிற்கிறார்? எட்டு வாரம் கேட்கிறார். அதற்குப் பிறகு அதே அறுபது திருகு, அதே நேரம், அதே கை. தோற்றால் அவரே அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்!

சுப்பிரமணி அண்ணே, நடுவில் கத்தாதீங்க. என்ன? "சார் வாய தொறந்து சொல்லட்டும்பா, நாங்க யாரும் துன்னப் போவல, பிரியாணி இன்னும் வேவல" என்கிறார். கேட்டீங்களா சார்?

"சரி. நாளைக்கு காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. ஹெல்த் சென்டர் டாக்டரையும் உக்கார வெக்கிறேன். கையப் பாத்துட்டு, லெட்டரப் படிச்சிட்டு, அந்த வரிய அடிக்கிறதா வேணாமான்னு அங்கயே முடிவு. ஆனா முடிவு என்னன்னு இப்ப சொல்லமாட்டேன்."

நேர்மையான பதில். நன்றி சார். பத்து மணி என்றால் நான் ஒன்பதரைக்கு கேட்டில் நிற்பேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தங்கமாரி வந்துபோன அன்றைக்கு, காணொளிக்குக் கீழே மக்கள் எழுதியவற்றை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம். 'அருமை', 'சூப்பர்', 'வாழ்க' என்பதையெல்லாம் தள்ளினேன். வலி கூடிவிட்டது என்று எழுதியவர்களை எண்ணினேன். நாற்பத்தேழு பேர். நாற்பத்தேழு பேருக்கும் நான் அப்போதே பதில் போட்டிருக்கிறேன். என்ன பதில் தெரியுமா? இரண்டு கை கூப்பிய பொம்மை. பக்கத்தில், 'தொடர்ந்து செய்யுங்கள்.'

தொடர்ந்து செய்யுங்கள்! வலிக்கிறது என்றவரிடம், தொடர்ந்து செய்யுங்கள்! கை கூப்பிக்கொண்டே சொல்லியிருக்கிறேன்!

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் காணொளி போடுவீர்கள். போடுங்கள். அழகாகப் போடுங்கள், ஆயிரமாயிரம் போடுங்கள். ஆனால் உங்களைப் பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்று போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் அவருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அவர் செய்வதை வாயை மூடிக்கொண்டு பாருங்கள். நானும் சுபஸ்ரீயும் இரண்டு வாரமாக ஒரு புதுப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கையை எடுத்துவிட்டோம். 'மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பாட்டிலை இறக்குங்கள், மூச்சு முடியும்போது பாட்டில் கீழே இருக்கட்டும்' என்று மட்டும் சொல்கிறோம். தங்கமாரியின் இடது கையில் சோதித்தோம். இரட்டை வேகத்தில் ஓடவிட்டோம். திரையில் நான் குதித்தேன். அவர் கை நிதானமாக இறங்கியது. என் குரலைப் போன் விரட்டும். அவர் மூச்சை எந்தப் போன் விரட்டும்?

நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு பட்டியல் படிப்பேன், அது முடிந்ததும் நான் நிற்கமாட்டேன். பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கும், குறுக்கே பேசிய சுப்பிரமணி அண்ணனுக்கும், எழுந்து நின்ற ஸ்ரீதர் சாருக்கும், என்னைத் திருத்திய இரண்டு பெண்களுக்கும், இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, நிறைந்த வணக்கம். இனி நான் செய்யப்போவது இவை:

1. நாளை ஒன்பதரைக்குத் தங்கமாரியோடு கம்பெனி கேட்டில் நிற்பேன். வரியை அடிக்காவிட்டால், செவ்வாய்க்கிழமையும் அதே கடிதத்தோடு நிற்பேன். இருபத்திரண்டு வரைக்கும் ஒவ்வொரு நாளும் நிற்பேன்.

2. எட்டு வாரமும் அந்த நான்கு பேருக்கும் ஷிப்ட் முடியும் நேரத்தில் மாத்தூருக்கே போய்ச் சிகிச்சை கொடுப்பேன். கட்டணம் கிடையாது. இதை உதவி என்று யாரும் சொல்ல வேண்டாம்.

3. புதுப் பாடம் நாற்பது விநாடி. அதில் என் பெயர் இருக்காது. டீ பிரேக்கில் மூன்று பேர் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும்; நான் பேசாமல் பார்க்க வேண்டும். மூவரும் சரியாகச் செய்தால்தான் வெளியிடுவேன்.

4. வியாழன்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கிளினிக் திறந்திருக்கும். சுவரில் தாள் ஒட்டிய பிசியோ நண்பர் முதல் ஆளாக வரட்டும். போனைக் கொண்டுவராதீர்கள், ஒரு நோயாளியைக் கூட்டிவாருங்கள்.

5. நாற்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகப் பிடிப்பேன். பட்டியலில் முதல் பெயர் ராமன், வெல்டர், மறைமலை நகர். ஐந்து மாதத்துக்கு முன் தன் எண்ணையும் கொடுத்து எழுதியிருக்கிறார்: 'சார், கை ராத்திரியெல்லாம் எரியுது. நிறுத்தட்டுமா?' இந்தப் படியில் இறங்கியதும் அவரைத்தான் கூப்பிடப் போகிறேன். நிறுத்துங்க ராமன் சார். நிறுத்திட்டு, எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் வர்றேன்.